நிரல் கோப்புக்கு ஓர் அடையாளச் சீட்டு

கேமரன் மலைத் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, நொதிக்கவிடப்பட்டு, உலர்த்தப்பட்ட பின்னர் சலிக்கப்படுகிறது. பெரிய இலைத்துண்டு ஒரு தரம்; சிறிய துண்டு மற்றொரு தரம்; மிக நுண்ணிய தூள் ‘டஸ்ட்’ எனப்படும் தரம். மூட்டையாகக் கட்டிவிட்டால் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். மூட்டையின் மேல் எழுதியுள்ள தரக்குறியைப் பார்த்துத்தான் உள்ளே இருப்பது எது என்று பெறுபவர் அறிகிறார். இணையத்தில் பயணம் செய்யும் கோப்புகளுக்கும் இத்தகைய குறி தேவைப்படுகிறது. படமாயினும் பாடலாயினும் நிரலாயினும் கணினிக்கு அவை யாவும் எண்களின் வரிசைதான். அந்த எண்களை எவ்வாறு கொள்ள வேண்டும் என்று அறிவிக்கும் குறியே ‘மைம் வகை’.

இம்முறை மின்னஞ்சலுக்காகத் தோன்றியது. தொடக்கக்கால மின்னஞ்சல் ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமந்து சென்றது. படத்தையோ ஒலியையோ பிற மொழி எழுத்தையோ அனுப்ப எல்லாரும் ஏற்ற பொது முறை இல்லை. அமெரிக்கரான நத்தானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் அதற்கான விதிகளை 1992ஆம் ஆண்டு வெளியிட்டனர். அவ்வாண்டு மார்ச் 11ஆம் நாள் போரன்ஸ்டைன் அனுப்பிய மின்னஞ்சலில், தாம் சேர்ந்து பாடும் நால்வர் இசைக்குழுவின் படமும் பாடலும் இணைந்திருந்தன. பின்னர் இணையத்தளங்களும் இதே முறையைக் கைக்கொண்டன.

மைம் வகை, சாய்கோட்டால் பிரிக்கப்பட்ட இரு பகுதிகளைக் கொண்டது. ‘டெக்ஸ்ட்/பிளைன்’ என்றால் வெறும் எழுத்து. ‘டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்’ என்றால் இணையப்பக்கம். ‘இமேஜ்/பிஎன்ஜி’ என்றால் படம். கோப்புகளை வைத்திருந்து கேட்பவருக்கு அனுப்பும் கணினியைச் சேவையகம் என்கிறோம். அது ஒவ்வொரு கோப்பின் முன்னும் ‘கன்டென்ட்-டைப்’ என்னும் வரியில் இந்த வகையை எழுதி அனுப்புகிறது. நம் உலாவி பெரும்பாலும் கோப்பின் பெயரைவிட இந்த வரியையே நம்புகிறது.

ஆனால், சேவையகத்துக்கு அந்த வகை எப்படித் தெரியும்? அது கோப்பைத் திறந்து படிப்பதில்லை. பெயரின் இறுதியிலுள்ள பின்னொட்டை ஓர் அட்டவணையில் தேடிப் பார்க்கிறது, அவ்வளவுதான். நிரல் எழுதுவோரின் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. கேமரன் மலை மாணவர் ஒருவர், அன்றன்று பறித்த கொழுந்தின் எடையைக் கூட்டிச் சொல்லும் நிரலைப் பைத்தான் மொழியில் எழுதி, நண்பர்கள் படிக்கட்டும் என்று தம் தளத்தில் வைக்கிறார் என்று கொள்வோம். ‘என்ஜின்எக்ஸ்’ என்னும் சேவையக மென்பொருளுடன் வரும் அட்டவணையில் பைத்தானின் ‘.பிஒய்’ பின்னொட்டு இல்லை. தெரியாத கோப்புக்கு அதன் வழக்கமான அமைப்பு ‘அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்’ என்ற வகையை இடுகிறது. ‘ஏதோ எண்கள்’ என்பதே அதன் பொருள். எனவே, நிரல் திரையில் தோன்றாமல் பதிவிறங்கிவிடுகிறது. அதே நிரலை அவர் டைப்ஸ்கிரிப்ட் மொழியில் எழுதியிருந்தால் இன்னும் வேடிக்கை. அதன் பின்னொட்டு ‘.டிஎஸ்’. அட்டவணையிலோ அது ஒருவகைக் காணொளிக்கு உரியது. உலாவி, கொழுந்துக் கணக்கைக் காணொளி என எண்ணிவிடும்.

படிப்பதற்காக வைக்கும் நிரல் வேறு; இயங்குவதற்காக வைக்கும் நிரல் வேறு. உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கு உரிய வகை ‘டெக்ஸ்ட்/ஜாவாஸ்கிரிப்ட்’ என்று 2022இல் உறுதிசெய்யப்பட்டது. கூறுகளாகப் பிரித்து எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்கு ‘டெக்ஸ்ட்/பிளைன்’ என்று குறியிட்டு அனுப்பினால், உலாவி அதை இயக்கவே மறுக்கும்.

பிஎச்பி மொழியில் நேரும் பிழை இதைவிடக் கடுமையானது. பிஎச்பி நிரல் சேவையகத்திலேயே இயங்கி, விளைவை மட்டும் நமக்கு அனுப்ப வேண்டும். ‘அப்பாச்சி’ சேவையகத்தில் அதை இயக்கச் சொல்லும் ஆணையே நெடுங்காலம் ஒரு மைம் வகையாக எழுதப்பட்டு வந்தது. அந்த ஒரு வரி விடுபட்டால் நிரல் இயங்காது. மூலநிரல் அப்படியே வெளியே போகும். அதற்குள் தரவுத்தளத்தின் கடவுச்சொல் இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். ஃபேஸ்புக் நிறுவனத்தின் முகப்புப் பக்க மூலநிரல் 2007 ஆகஸ்டில் சில பயனர்களின் திரையில் தோன்றியது. தவறாக அமைக்கப்பட்ட சேவையகமே காரணம் என்று அந்நிறுவனம் விளக்கமளித்தது.

தமிழில் எழுதுவோருக்கு மைம் வகையின் இன்னொரு பகுதி மிக முக்கியம். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ நிரல்மொழியில் ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘முடி’ எனக் கட்டளைகளே தமிழில் உள்ளன. அதன் ‘.என்’ பின்னொட்டு, மேற்கூறிய அட்டவணையில் இல்லை. ‘டெக்ஸ்ட்/பிளைன்’ என்று நாமே சேர்த்தாலும் வேலை பாதிதான் முடிந்தது. எழுத்துக் குறியாக்கம் எது என்பதையும் சொல்ல வேண்டும். ‘வணக்கம்’ என்ற சொல் ‘யுடிஎஃப்-8’ குறியாக்கத்தில் 21 பைட்டுகளாகச் செல்கிறது. குறியாக்கத்தைச் சொல்லாவிட்டால் உலாவி அவற்றை மேலை ஐரோப்பிய எழுத்துகள் என ஊகிக்கக்கூடும். அப்போது தலையில் கோடிட்ட ‘ஏ’ என்னும் ரோமன் எழுத்தும், வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தும் மாறி மாறித் திரையை நிரப்பும்.

இது தமிழருக்குப் பழகிய துன்பம்தான். யுனிகோடு பரவுவதற்கு முன்னர் ‘டிஸ்கி’, ‘டாம்’, ‘டாப்’ எனப் பல குறியாக்கங்கள் வழங்கின. டிஸ்கியில் அமைந்த இணையப்பக்கங்கள் பல, ‘பயனர் வரையறுத்தது’ என்ற பொதுவான குறியையே தாங்கி வந்தன. எழுத்துருவை வாசகரே தெரிவு செய்ய வேண்டியிருந்தது. டிஸ்கிக்கு உரிய பெயர் அனைத்துலகப் பட்டியலில் 2007இல்தான் பதிவாகியது. அதற்குள் தமிழ் இணையம் யுனிகோடுக்கு மாறத் தொடங்கிவிட்டது.

உங்கள் கோப்பு எந்தச் சீட்டுடன் வருகிறது என்பதைக் காண்பது எளிது. கணினி உலாவியில் ‘எஃப்12’ விசையை அழுத்தி, ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறந்து, பக்கத்தை மீண்டும் ஏற்றிக் கோப்பின் பெயரைச் சொடுக்குங்கள். ‘கன்டென்ட்-டைப்’ வரி அங்கே இருக்கும். படிப்பதற்கான தமிழ் நிரலாயின் அந்த வரியில் ‘டெக்ஸ்ட்/பிளைன்; சார்செட்=யுடிஎஃப்-8’ என்றிருக்க வேண்டும்.