ஷாம்பு சொல்வதைச் சலவைத்தூள் ஏன் சொல்வதில்லை?

தலைக்குத் தேய்க்கும் ஷாம்புவிலும் பாத்திரம் தேய்க்கும் லிக்விடிலும் பெரும்பாலும் இருப்பது ஒரே சரக்குதான்: சோடியம் லாரெத் சல்ஃபேட். ஷாம்பு சட்டத்தின் கண்ணில் அழகுசாதனப் பொருள். 1940ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனச் சட்டமும் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளும் அதன் சேர்மானங்களைப் புட்டியின் மேல் அச்சிடச் சொல்கின்றன. பாத்திர லிக்விட், சலவைத்தூள், தரை துடைக்கும் திரவம் ஆகியவை வெறும் வீட்டு உபயோகப் பொருள்கள். எடையளவுச் சட்டத்தின் பொட்டல விதிகள் அவற்றிடம் கேட்பது பொருளின் பெயர், தயாரிப்பாளர் முகவரி, நிகர அளவு, விலை, தயாரித்த மாதம், புகார் சொல்லும் எண் போன்றவைதான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவை கேட்பதில்லை. சில நிறுவனங்கள் தாமாகவே கொஞ்சம் அச்சிடுகின்றன, பல அதுவும் செய்வதில்லை. ஷாம்பு இரண்டு நிமிடம் தலையில் இருந்துவிட்டுப் போகிறது. பாத்திர லிக்விடில் கை நாள்தோறும் பலமுறை ஊறுகிறது. அதிகம் தெரிய வேண்டிய இடத்தில்தான் குறைவாகச் சொல்லப்படுகிறது.

இந்தச் சரக்குகளுக்குப் பொதுப்பெயர் சர்ஃபாக்டன்ட். அதன் மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். எண்ணெயை நாடும் முனைகள் பிசுக்கைச் சூழ்ந்து பிடித்துக்கொள்ள, நீர் அதை இழுத்துச் செல்கிறது. சோப்பும் சர்ஃபாக்டன்ட்தான். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருக்கும் சபோனினும் அப்படியே. ஆகவே 'கெமிக்கல் இல்லாத' டிடர்ஜென்ட் என்று எவராவது விற்றால் புன்னகைத்துவிட்டு நகரலாம். துணியில் சாயம் ஏற்றவும், பூச்சிமருந்து இலையில் படியவும், ஐஸ்கிரீம் திரியாமல் இருக்கவும் இதே குடும்பத்துப் பொருள்கள் வேண்டும். சலவைத்தூளின் முதன்மைச் சரக்குக்கு மூலப்பொருளான லீனியர் அல்கைல் பென்சீன் சென்னை மணலியிலேயே தயாராகிறது. கொரோனா காலத்தில் சோப்பு போட்டுக் கைகழுவச் சொன்னதும், வைரஸின் கொழுப்பு உறையை இவை சிதைக்கும் என்பதால்தான். இவற்றை ஒழிக்கச் சொல்வது அபத்தம். இன்னது இருக்கிறது என்று சொல்லச் சொல்வது அபத்தமல்ல.

தோலிலிருந்து தொடங்குவோம். பிசுக்கைப் பிடிக்கும் மூலக்கூறுக்கு, தோலைக் காக்கும் கொழுப்புக்கும் கடாயில் ஒட்டிய எண்ணெய்க்கும் வேறுபாடு தெரியாது. ஷாம்புச் சரக்கின் நெருங்கிய உறவான சோடியம் லாரில் சல்ஃபேட் புற்றுநோய் தரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு ஆதாரமில்லை. ஆனால் அது தோலை எரிச்சலூட்டும் என்பதில் ஐயமே இல்லை. தோல் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கிப் பார்க்கும் சோதனைகளுக்கு அதைத்தான் அளவுகோலாகப் பயன்படுத்துகிறார்கள். 'மென்மையானது' என்று விற்கப்படும் கோகாமிடோப்ரொப்பில் பீட்டைனை அமெரிக்கத் தொடர்புத்தோல் அழற்சி மருத்துவர்கள் சங்கம் 2004ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. எல்லோருக்கும் அது ஒத்துக்கொள்ளாது என்று பொருளல்ல. சிலருக்கு ஒவ்வாது, அந்தச் சிலர் அதைத் தவிர்க்க வேண்டும் என்பதே செய்தி. கை வெடித்து, சிவந்து, அரிக்கும் ஒருவருக்குத் தோல் மருத்துவர் 'பேட்ச் டெஸ்ட்' என்னும் ஒவ்வாமைச் சோதனை செய்து 'இந்தப் பொருள் ஆகாது' என்று எழுதிக் கொடுக்கிறார் என்று வையுங்கள். ஷாம்பு புட்டியைத் திருப்பிப் பார்த்து அவர் விலக்கிவிடலாம். பாத்திர லிக்விடில் எதைப் பார்ப்பார்? மருத்துவம் கொடுத்த விடை கடை வாசலில் பயனற்றுப் போகிறது.

இதைவிடக் கொடியது பெயரே இல்லாத திரவம். தெருவில் வண்டியில் வரும் ஃபினாயிலும் 'ஆசிட்'டும் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தரப்படுகின்றன. குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் மருத்துவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இத்தகைய திரவத்தை விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உப்புக்கரைசல் கொடுக்கக் கூடாது. நுரை மூச்சுக்குழலுக்குள் போய்விடும், அரிக்கும் திரவமானால் தொண்டையை இன்னொரு முறை புண்ணாக்கும். வாயைக் கழுவிவிட்டு, பாட்டிலோடு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். பிளீச்சையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

வீட்டுச் சாக்கடைக்கு அப்பால் கதை பெரிது. 1950களில் பயன்பட்ட கிளைத்த சங்கிலி சர்ஃபாக்டன்ட்களை நுண்ணுயிரிகளால் எளிதில் சிதைக்க முடியவில்லை. ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை மலைகள் மிதந்தன. மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டம் இயற்றி 1964 முதல் சிதையக்கூடியவற்றையே அனுமதித்தது. அமெரிக்க நிறுவனங்கள் 1965இல் நேர்ச்சங்கிலி வகைக்கு மாறின. அப்படியிருந்தும் தில்லியில் காளிந்தி குஞ்ச் அருகே யமுனை ஏன் நுரைக்கிறது, 2019இல் சென்னைக் கடற்கரையில் குழந்தைகள் விளையாடிய நுரை எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். சுத்திகரிக்கப்படாத கழிவுநீர்தான் முதற்காரணம், லேபிளால் அது தீராது என்பது நியாயமான மறுப்பு. நேர்ச்சங்கிலி வகை ஆக்சிஜன் உள்ள நீரில் சிதையும், ஆக்சிஜன் செத்த ஆற்றில் பெரும்பாலும் சிதையாது. எனவே சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாற்று எதுவுமில்லை. ஆனால் சலவைத்தூளில் சேரும் பாஸ்பேட்டைச் சாதாரணச் சுத்திகரிப்பு முழுமையாக நீக்குவதில்லை. அது ஏரிகளில் பாசியையும் ஆகாயத்தாமரையையும் வளர்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் வீட்டுச் சலவைத்தூளில் அதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. தில்லி அரசு 2021இல் இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்படாத சோப்பு, டிடர்ஜென்ட் விற்பனைக்குத் தடை விதித்தது. பாஸ்பேட் இருக்கிறதா என்று பையில் எழுதாதவரை, விலக்க நினைக்கும் வாடிக்கையாளர்கூட விலக்க முடியாது.

தொழில் ரகசியம் போய்விடும் என்பது நிறுவனங்களின் பழைய வாதம். சேர்மானப் பட்டியல் கலவையின் விகிதத்தைச் சொல்வதில்லை. ஷாம்பு நிறுவனங்கள் பட்டியலிட்டு நொடித்துப் போகவும் இல்லை. கலிஃபோர்னியா 2017இல் சட்டம் இயற்றி, 2020 முதல் இணையத்திலும் 2021 முதல் பொட்டலத்திலும் துப்புரவுப் பொருள்களின் சேர்மானங்களை வெளியிடச் செய்தது. யார் படிக்கப்போகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. குளியல் சோப்பில் முதல்தரத்துக்கு மொத்தக் கொழுப்பு 76 விழுக்காடு வேண்டும், 'பாத்திங் பார்' என்றால் 40 போதும். டிஎஃப்எம் என்ற அந்த எண்ணைப் பார்த்து வாங்குவோர் இன்று இருக்கிறார்கள், அச்சிட்டிருப்பதால்தான். சலவைத்தூளில் அப்படி எண் கண்ணில் படாததால் வாங்குபவர் நுரையை வைத்துத் தரத்தை எடைபோடுகிறார். நுரைக்கும் அழுக்கு நீக்கத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு நுரை குறைந்த தூளையே தயாரிக்கிறார்கள்.

பட்டியல் கட்டாயமாகும்வரை கையில் உள்ள சட்டமும் சிறிதல்ல. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரத்தையும் தூய்மையையும் அறியும் உரிமையைத் தருகிறது. பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் போதிய அளவு சொல்லாததால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது. பொட்டலம், ரசீது, காயத்தின் படம், மருத்துவச் சீட்டு நான்கையும் வைத்துக்கொண்டு முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். பெயரில்லாத பாட்டிலில் இந்த வழி அத்தனையும் அடைபட்டுப் போகிறது, வழக்குத் தொடுக்க எதிராளியே இல்லை.

வாங்கியவரின் ஒப்புதலோடு பொருளைப் பயன்படுத்துபவரும் இந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். வீட்டு முதலாளியம்மா வாங்கித் தந்த தூளால் கை புண்ணானால் வீட்டுவேலை செய்பவரே புகார் கொடுக்கலாம். ஹோட்டலில் பாத்திரம் கழுவுபவருக்கு இந்த வாசல் எளிதில் திறக்காது, ஏனெனில் அங்கே பொருள் வணிகத்துக்காக வாங்கப்படுகிறது. ஆனால் கேன் கணக்கில் வாங்கும் முதலாளிகள் கேட்டால், அபாயமான சேர்மானங்களைக் குறிப்பிடும் பாதுகாப்புத் தகவல் தாளைச் சப்ளையர்கள் தருவது வழக்கம். அதைக் கேட்டு வாங்கி, தொழிலாளிக்குப் புரியும் தமிழில் சமையற்கட்டுச் சுவரில் ஒட்டவும் கையுறை வாங்கித் தரவும் எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை. கேனுக்குக் கிடைக்கும் அந்தத் தாளின் சாரம் பத்து ரூபாய்ப் பாக்கெட்டிலும் வர வேண்டுமானால் மத்திய அரசின் பொட்டல விதிகளில் ஒரு திருத்தம் போதும்.