உஷார்! பத்தனையில் ரொக்கெட் விடக் கிளம்பும் தம்பிமாருக்கு

அடுப்பில் சீனிச் சட்டியை ஏற்றி ரொக்கெட் எரிபொருள் காய்ச்ச நினைத்திருந்தால், அந்த எண்ணத்தை இப்போதே விடுங்கள். ஏன் எதற்கு என்பதைப் பிறகு ஆறுதலாகப் பேசலாம்.

அமெரிக்கப் பாலைவனங்களில் ஆளுயர ரொக்கெட்டுகள் சீறிக் கிளம்புவதை யூடியூபில் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். ரொக்கெட்டின் கூட்டைச் செய்யப் பைபர் துணியும் ரெசினும் ஹார்ட்னரும் முச்சக்கர வண்டிக்குப் பொடி வேலை செய்கிறவர்கள் வாங்குகிற கடையிலேயே கிடைக்கின்றன. வெட்டவெளி என்றதும் மாத்தளைப் பிள்ளைகளுக்கு றிவர்ஸ்டனைத் தாண்டி லக்கலப் பக்கம் விரியும் பிட்டவல பத்தனைப் புல்வெளிதான் ஞாபகம் வரும். இராவணனின் காவலர் நின்று நோட்டமிட்டதாகக் கதை உலவும் மலைப்பக்கம் அது. புஷ்பக விமானம் பறந்த நாட்டில் நாங்கள் ஒரு குழாயைப் பறக்கவிடக் கூடாதா என்று கேட்பீர்கள். வீட்டில் செய்த மோட்டாரோடு கூடவே கூடாது.

அமெரிக்காவில் 160 நியூற்றன் செக்கனைத் தாண்டிய மோட்டார் ‘உயர்வலு’ வகையில் சேர்கிறது. அதை வாங்க வேண்டுமானால், அனுபவசாலிகள் பார்த்திருக்க ஒரு ரொக்கெட்டை ஏற்றி, முழுசாக இறக்கிக் காட்டித் தேற வேண்டும். தேறியவர்களிலும் பெரும்பாலானோர் தொழிற்சாலை மோட்டாரைத்தான் வாங்குகிறார்கள். வீடியோவில் இந்தப் பகுதி வராது. அங்கும் ஒரு காலத்தில் சிறுவர்கள் வீட்டு நிலவறைகளில் வெடிமருந்து கலந்து விரல்களை இழந்தார்கள். 1957இல் ஓர்வில் கார்லைலும் ஹரி ஸ்டைனும் மாதிரி ரொக்கெட் பொழுதுபோக்குக்கு வழி வகுத்தபோது, மருந்தைப் பையன்களின் கையிலிருந்து எடுத்துவிடுவதுதான் அதன் அடிப்படையாக இருந்தது.

‘அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்’ என்கிற தம்பிக்கு இரண்டு பெயர்கள். ஜக் பார்சன்ஸ், நாசாவின் ஜேபிஎல் ஆய்வுகூடத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். வார்த்து எடுக்கக்கூடிய கலவைத் திண்ம எரிபொருளை 1942இல் உருவாக்கியவர். 1952 ஜூன் 17இல் கலிபோர்னியாவில், தன் வீட்டு ஆய்வுகூடத்திலேயே வெடிவிபத்தில் இறந்தார். வயது 37. ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் டீலிங், பொறியியலாளர், விமானி. 1933 ஒக்டோபரில் திண்ம எரிபொருளை அழுத்தி இறுக்கிக்கொண்டிருந்தபோது சூடு ஏறித் தீப்பற்ற, அவரும் உதவியாளரும் மெக்கானிக்கும் மாண்டார்கள். ரொக்கெட் இன்னும் தரையை விட்டே கிளம்பவில்லை என்பதைக் கவனியுங்கள். கிம்புலாபிட்டியவிலும் சிவகாசியிலும் தலைமுறையாகப் பட்டாசு செய்கிறவர்களையே ஓர் உராய்வு கொண்டுபோய்விடுகிறது. உங்கள் குசினியில் என்ன காப்பு இருக்கிறது?

அடுத்தது ரொக்கெட்டின் உடம்பு. இரும்புக் குழாய் ஆபத்து, பைபர் குழாய் பரவாயில்லை என்றொரு நினைப்பு உலவுகிறது. இரும்புக் குழாயில் மருந்தை அடைத்தால் அது குண்டு. அதில் பேச்சே இல்லை. ஆனால் வீட்டில் சுற்றிய பைபர் குழாயை மோட்டார் உறையாக்கினால் என்ன நடக்கும்? உள்ளே எரியும் சுவாலை 1000 பாகை செல்சியஸைத் தாண்டும். சாதாரணமாக அறையில் இறுகும் எபொக்சியோ 60 பாகையை அண்டியதுமே இளகத் தொடங்கும். உள்காப்பில் ஓரிடம் மெலிந்திருந்தால் போதும், உறை அங்கே பிய்த்துக்கொள்ளும். கார்பன் இழையில் சுற்றினாலும் அது வளைந்து எச்சரிக்காது. சட்டென்று முறிந்து ஊசி ஊசியாய்ச் சிதறும். போதாக்குறைக்கு, கார்பன் குழாய் வானொலி அலையையும் மறைக்கும். உள்ளே ஜிபிஎஸ் வைத்தவர் விழுந்த ரொக்கெட்டைக் காட்டில் தேட வேண்டியதுதான்.

மருந்தே இல்லாமல் வெறும் கூடு மட்டும் செய்தாலும் உஷார். பொலியெஸ்டர் ரெசினின் ஹார்ட்னர் ஒரு சொட்டுக் கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். ஹார்ட்னரையும் அக்சிலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் அந்த டப்பாவே வெடிக்கும். இழையைத் தேய்க்கும்போது கிளம்பும் தூசி தோலில் அரிப்பும் நெஞ்சில் நோவும் தரும். முகக்கவசம், கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

சரி, கிளம்பியது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீற்றர் உயரத்தில் பரசூட் விரிந்து, செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்தில் இறங்கினால் தரைக்கு வர 160 செக்கனுக்கு மேல் ஆகும். காற்று செக்கனுக்கு 10 மீற்றர் என்றால், நீங்கள் நின்ற இடத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பால் விழும். றிவர்ஸ்டனில் நின்றவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பரசூட் விரியாவிட்டால் மூன்று கிலோ எடையுள்ள ஒடுங்கிய குழாய், மணிக்கு 300 கிலோமீற்றரைத் தாண்டிய வேகத்தில் யார் கூரையில் இறங்குமோ. 2020 பெப்ரவரி 22இல் கலிபோர்னியாவில் மைக் ஹியூஸ் நீராவி ரொக்கெட்டில் தானே ஏறிக் கிளம்பினார். புறப்படும்போதே பரசூட் கழன்றது, விழுந்து இறந்தார். நீராவியே இப்படி.

தீ இன்னும் பயங்கரம். வரண்ட மாதங்களில் பத்தனைப் புல் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். பாறைமேல் மெல்லிய மண், அதன்மேல் புல், அதற்கு அப்பால் நக்கிள்ஸ் காடு. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக்கிய மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி அது. எரிந்துகொண்டே சாயும் மோட்டாரை அங்கே துரத்திப் போய் அணைக்க யாராலும் முடியாது.

சட்டத்துக்கு வருவோம். 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெடிமருந்து செய்வதோ வைத்திருப்பதோ குற்றம். இப்படியான ரொக்கெட்டை வானில் ஏவ சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையைக் கேட்க வேண்டும். இதையெல்லாம் விடுங்கள், வீதித் தடையில் உங்கள் பையைத் திறக்கும் பொலிஸ்காரர் பார்க்கப்போவது ஒரு குழாய், வயர், பற்றரி, ஏதோ தூள். பையின் சொந்தக்காரன் ஒரு தமிழ்ப் பையன். ‘சயன்ஸ் புரொஜெக்ட்’ என்ற பதிலுக்கு அங்கே என்ன மதிப்பு? பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1979இலிருந்து பார்த்து வந்த வீடுகளுக்கு இது விளங்கும்.

ஆசையை அடக்கச் சொல்லவில்லை. 1963 நவம்பர் 21இல் தும்பாவிலிருந்து இந்தியா ஏவிய முதல் ரொக்கெட் அமெரிக்கா கொடுத்த நைக்-அப்பாச்சி. சொந்தமாகச் செய்த ரோகிணி 1967இல்தான் பறந்தது. அந்த முதல் ஏவலில் அப்துல் கலாமுக்குக் கிடைத்த பொறுப்பு ரொக்கெட்டைப் பொருத்துவதும் பாதுகாப்பும். பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீரும் காற்றும் அடைத்து விடும் தண்ணீர் ரொக்கெட்டில் செட்டை, ஈர்ப்பு மையம், பரசூட் என்று எல்லாக் கணக்கும் இருக்கிறது. மொரட்டுவ ஆதர் சி. கிளார்க் நிலையம் மாணவர்களுக்கு அதில் போட்டியும் நடத்தியிருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள், ஆசிரியர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

இதற்குள் யாராவது செய்து வைத்திருந்தால்: பற்றவைத்தும் கிளம்பாத மோட்டாருக்குக் கிட்டப் போகாதீர்கள், ஆட்களை விலக்கிவிட்டு 119க்கு அழையுங்கள். சுட்ட காயத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை பூச வேண்டாம். கண்ணில் ஹார்ட்னர் பட்டால் வாகனம் வரும் வரை காத்திராமல் அந்த இடத்திலேயே 15 நிமிடமாவது கழுவுங்கள். அம்புலன்சுக்கு 1990. துண்டு தைத்திருந்தால் பிடுங்காதீர்கள். உடைந்தது கார்பன் குழாய் என்று டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம்.