தலைமேல் கை வைக்குமுன்



கணக்கறிக்கையைப் பார்த்த சபையார் சிலர், "காணிக்கைப் பணத்தில் சோப்புக்கும் கை சுத்தம் செய்யும் மருந்துக்கும் இவ்வளவா? ஒரு புதிய கருவி வாங்கியிருக்கலாமே" என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு மருத்துவர்கள் பதில் எழுதுவதைக் காட்டிலும் நாங்களே எழுதுவது நல்லதென்று நினைத்தோம். இந்தக் காரியத்தில் ஆஸ்பத்திரிப் போதகரின் கைகளுக்கும் பங்கு உண்டு.

புதுமடத்திலிருந்து ஒரு மீனவ சகோதரர் காலில் கெளுத்தி முள் குத்திய புண்ணோடு வந்தார். சர்க்கரை வியாதிக்காரர். புண் ஆறிக்கொண்டே வந்தது. பிறகு மறுபடியும் சீழ் வைத்தது. சீழைப் பரிசோதித்தபோது, அவர் வரும்போது இல்லாத ஒரு கிருமி அதில் இருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்தது அல்ல. எங்களிடம் பெற்றுக்கொண்டது.

இது எங்கள் ஆஸ்பத்திரியில் மட்டும் நடப்பதல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறும் 100 பேரில், பணக்கார நாடுகளில் 7 பேருக்கும் மற்ற நாடுகளில் 15 பேருக்கும் இப்படி ஒரு தொற்றாவது உண்டாகிறது. அப்படிப்பட்டவர்களில் பத்தில் ஒருவர் அதனாலேயே மரிக்கிறார்.

கிருமிக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. காசநோய்க் கிருமி போலச் சில காற்றில் போகும். ஆனால் வார்டுகளில் தொல்லை கொடுப்பவை பெரும்பாலும் கைகளில்தான் பிரயாணம் செய்கின்றன. ஸ்டெபிலோகாக்கஸ் என்பது நம்மில் பலருடைய மூக்கிலும் தோலிலும் சாதுவாகக் குடியிருக்கிறது. அதுவே ஆபரேஷன் புண்ணுக்குள் போனால் சீழாகிறது. கிளெப்சியெல்லா குடலில் இருப்பது. சிறுநீர்க் குழாய் வழியாக ஏறினால் இரத்தம் வரை போய்விடும். சூடோமோனாஸ் ஈரத்தை விரும்பும். கை கழுவும் தொட்டியிலேயே தங்கிவிடும். அசினெட்டோபேக்டர் கட்டில் கம்பியில் காய்ந்த நிலையிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். தோல்தான் நமக்கு மதில். ஊசி, சலைன் குழாய், ஆபரேஷன் கத்தி எல்லாமே சுகப்படுத்துவதற்காக அந்த மதிலில் நாங்கள் திறக்கும் வாசல்கள்.

இதை உலகத்துக்கு முதலில் எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர் வியன்னா பொது மருத்துவமனையில் இருந்த டாக்டர் செம்மல்வைஸ். அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் வேலை செய்த பிரிவில், மருத்துவச்சிகள் பார்த்த பிரிவைவிட மிக அதிகமான தாய்மார் ஜன்னி கண்டு மரித்தார்கள். காரணம் தேடியவர் ஒரு கட்டத்தில் குருவானவரைச் சந்தேகித்தார்! மரிக்கிறவர்களுக்கு நற்கருணை கொடுக்க அவர் மணியடித்துக்கொண்டு வார்டுகளைக் கடந்து போவார்; அந்தப் பயமே தாய்மாரைக் கொல்லுகிறதோ என்று நினைத்து, மணியில்லாமல் வேறு வழியாக வரச் சொன்னார். மரணம் குறையவில்லை. பிறகுதான், பிரேதப் பரிசோதனை செய்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவது அவருக்கு விளங்கிற்று. குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். 1847 ஏப்ரலில் 100-க்கு 18 ஆக இருந்த மரணம் ஜூனில் 2 ஆயிற்று. குருவானவரின் மணி குற்றமற்றது என்று தீர்ந்தது. அவருடைய கைகளைப் பற்றி யாரும் கேட்டதாக நாங்கள் வாசித்ததில்லை.

எங்கள் கைகளைப் பற்றி ஒரு நர்ஸ் சகோதரி கேட்டார். பல வருஷங்களாகக் கட்டில் கட்டிலாகப் போய், தலைமேல் கை வைத்து, கையைப் பிடித்து ஜெபித்து, அப்படியே அடுத்த கட்டிலுக்குப் போவது எங்கள் வழக்கம். ஒருநாள் நோயாளியின் முன்பாகவே, "ஐயா, அந்தக் கட்டிலிலிருந்து இங்கே வருமுன் கையைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்" என்றார். முதலில் மனம் சுருக்கென்றது. ஊழியக்காரனின் கையைப் பார்த்தா என்று தோன்றிற்று. அன்று சாயங்காலம் எத்தனை பேரைத் தொட்டோம் என்று எண்ணிப் பார்த்தபோது பதில் சொல்ல வாயில்லை.

கிருமி வந்தால் மருந்து கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். 2010-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் வெளிநாட்டாரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனெம் மருந்துகளையே முறிக்கும் என்.டி.எம்.-1 என்ற மரபணு, சென்னையில் மாத்திரம் 44 கிருமி மாதிரிகளில் காணப்பட்டது. அந்த மரபணு ஒரு வகைக் கிருமியிலிருந்து வேறு வகைக்கும் தாவக்கூடியது. 2012-ல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி ஒரு பிரகடனம் செய்தன. 2014 மார்ச் முதல் பல ஆண்டிபயாடிக் மருந்துகளுக்கு மருத்துவர் சீட்டு விதிகள் கடுமையாக்கப்பட்டன. புதிய மருந்து வருவது மெதுவாகத்தான். ஆகவே வருமுன் தடுப்பதே மலிவு.

இந்தக் கரையில் அதற்கும் ஒரு தடை உண்டு. உவர்த்தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீரோ விலைக்கு. அதனால் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவுப்படி எத்தனால், கிளிசரின், ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து எங்கள் மருந்தகத்திலேயே கைமருந்து தயாரித்து, ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு பாட்டில் கட்டியிருக்கிறோம். அரை நிமிஷம் தேய்த்தால் போதும். கையில் அழுக்கோ இரத்தமோ இருந்தாலும், வயிற்றுப்போக்கு நோயாளியைத் தொட்டாலும் சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். உங்கள் காணிக்கை போன வழி இதுவே.

கிறிஸ்துமஸ் சமயத்தில் பாடல் பாட வரும் சபைக் குழுவினர் தயவுசெய்து கட்டிலில் உட்காராமலும், வார்டு வாசலில் கைமருந்தைப் பூசிக்கொண்டும் வாருங்கள். சளி இருமல் உள்ளவர்கள் வேறொரு நாள் வரலாம். புதுமடத்து சகோதரர் இன்னும் வார்டில் இருக்கிறார். மருந்தை மாற்றியிருக்கிறார்கள், காலைக் காப்பாற்றலாம் என்று மருத்துவர் நம்புகிறார். அவரைப் பார்க்க வரும் உறவினர் ஒவ்வொருவர் கையிலும் அவருடைய மனைவியே மருந்து ஊற்றுகிறார். அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.