‘பேர்’ என்னும் சொல்லும் துறைகளிடை முதுமாணிக் கல்வியும்: ஊவாத் தோட்டங்களை முன்னிறுத்திய ஒரு விளக்கம்

மனிதப்பண்பியலில் முதுமாணிப் பட்டம் பெற விழையும் மாணவர் பெரும்பாலும் தமிழ், வரலாறு, மெய்யியல், புவியியல் என ஒரு துறையைத் தெரிந்தெடுத்து, அதனுள் ஓர் ஆய்வுப்பொருளைத் தேடுவர். துறைகளிடை முதுமாணிக் கற்கையில் இவ்வொழுங்கு மாறுகின்றது. அங்கு வினாவே முதலில் எழும். தனக்கு வேண்டிய துறைகளை அவ்வினாவே வரவழைத்துக்கொள்ளும். இத்தகைய கற்கையின் இயல்பையும், பதுளையையும் ஊவாத் தோட்டங்களையும் ஆராய்வோர்க்கு அது இன்றியமையாததாகும் காரணத்தையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையகத் தோட்டங்களில் வழங்கும் ‘பேர்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அங்கு ஒரு நாள் வேலைக்குரிய முழுக்கூலி ‘பேர்’ எனப்படும். குறித்த அளவு கொழுந்து கொய்யத் தவறியவர்க்கு ‘அரைப்பேர்’ விழும். ஒருவரின் பெயர் செக்ரோலில் பதியப்படும் வழக்கத்தோடு இச்சொல் தொடர்புடையது. பெயர் எவ்வாறு கூலியின் அளவாயிற்று என்பது மொழியியல் வினா. கொழுந்தின் நிறையை யார், எவ்வாறு விதித்தனர் என்பது பொருளியல் வினா. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் இம்முறையை எவ்வாறு பாதித்தது என்பது சட்டவியலுக்கு உரியது. தோட்டத்துப் பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான நாட்கூலி 1984 வரை கிட்டாமற் போனமை சமூகவியலின்பாற்படும். அரைப்பேர் பெற்று வீடு திரும்பியவளின் மனநிலையை அறியவோ நாட்டார் பாடல்களை நாட வேண்டும். ஒரு சிறு சொல் ஐந்து துறைகளின் வாயில்களைத் தட்டுகின்றது. இவற்றுள் ஒன்றை மட்டும் திறப்பவர் பெறும் விடை குறையுடையதாகவே இருக்கும்.

‘துண்டு’ என்னும் சொல்லும் இத்தகையதே. கடன் தொகை செலுத்தப்படின் தொழிலாளரை வேறு தோட்டத்திற்கு விடுவிக்க இசைவு தந்த இச்சீட்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சட்ட வரலாறு அறியாதவர் அக்காலத்துப் பாடல்களின் பொருளை முழுமையாக உணரார். பாடல்களை அறியாதவர் சட்டம் மக்கள்மீது விழுந்த விதத்தை உணரார்.

இந்நெறி தமிழாய்வுக்குப் புதியதன்று. பேராசிரியர் க. கைலாசபதி பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கவியல் அறிஞர் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆராய்ந்து, சங்க வீரயுகப் பாடல்களைப் பிறமொழிக் காவியங்களோடு ஒப்பிட்டார். அவ்வாய்வு 1968இல் நூலாயிற்று. மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) கவிஞராகவும் தொழிற்சங்கவாதியாகவும் விளங்கியதோடு, மக்கள் பாடல்களையும் தொகுத்தார். மானிடவியலாளர் வலன்ரைன் டானியல் 1983இல் தோட்டப் பெண்களின் பாடல்களைத் திரட்ட வந்து, அவ்வாண்டின் வன்செயல்களால் வேறொரு வினாவை எதிர்கொள்ள நேர்ந்தது. அதன் பயனாக 1996இல் வெளிவந்த அவரது நூலில் மானிடவியலும் வரலாறும் மெய்யியலும் ஒருங்கிணைந்துள்ளன.

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி, பாடநெறி முதுமாணி ஒன்பதாம் மட்டத்தில் 30 மதிப்பலகுகளைக் கொண்டது. ஆய்வுக்கூறும் அடங்கிய முதுமாணி பத்தாம் மட்டத்தில் 60 மதிப்பலகுகளைக் கொண்டது. முதுதத்துவமாணி பதினோராம் மட்டத்தது. துறைகளைக் கடந்து ஆராய விழைவோர்க்கு ஆய்வுக்கூறு உள்ள நெறியே பொருந்தும். இருவேறு துறைசார்ந்த மேற்பார்வையாளரைப் பெறுதலும் நன்று.

இந்நெறியில் இடரும் உண்டு. பல துறைகளிலும் நுனிப்புல் மேய்ந்து எதிலும் ஆழமின்றி முடிதல் எளிது. ஆகவே ஒரு துறையின் ஆய்வுமுறையை அடித்தளமாகக் கொண்டு, ஏனையவற்றை வினாவிற்கு வேண்டிய அளவிற்கே கைக்கொள்ளுதல் தகும். தோட்ட ஆவணங்களும் அரசாங்க அறிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. மக்களின் சான்றோ தமிழில், அதுவும் வாய்மொழியாக உள்ளது. இரண்டையும் ஒன்றோடொன்று உரைத்துப் பார்க்கும் பயிற்சியின்றி இவ்வாய்வு நிறைவுறாது.

இது வெறும் ஏட்டுக்கல்விப் பிரச்சினை அன்று. 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயன் வரிசைகள் புதையுண்டன. அபாய எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். நிலச்சரிவியல் மண்ணின் நிலையைக் கூறும். மக்கள் ஏன் வெளியேறவில்லை என்பதை அறிய நிலவுரிமையின் வரலாறும், அறிவித்தல்களின் மொழியும், லயனுக்கும் வேலைக்கும் உள்ள பிணைப்பும் ஆராயப்பட வேண்டும். அறிக்கைக்கும் மக்களுக்கும் இடையிலான அவ்விடைவெளியை எந்த ஒரு துறையும் தனித்து விளக்கவியலாது.

பேரும் துண்டும் பிரட்டும் எவ்வாறு வாழ்வை அளந்தன என்பதைத் தம் முன்னோர் வாய்மொழியாகக் கேட்டறிந்த முதியோர் நாளுக்குநாள் அருகி வருகின்றனர். தோட்டத்து மொழியை வீட்டிலும் ஆய்வுமுறையைப் பல்கலைக்கழகத்திலும் கற்ற ஊவாப் பட்டதாரிகளே அவர்தம் சான்றை முறையாகப் பதிவு செய்ய மிகவும் தகுதியுடையோராவர். துறைகளிடை முதுமாணிக் கல்வி அவர்க்கு அதற்கான கருவியை அளிக்கும். காலந் தாழ்த்தின் கருவி எஞ்சும், சான்று எஞ்சாது.