பள்ளிக்குச் செல்லும் குழந்தைக்கு வாசிக்கத் தெரியுமா? ஒரு தொண்டு நிறுவனம் எழுப்பிய கேள்வி

ஊரகப் பகுதிகளில் அரசுப் பள்ளிகளின் ஐந்தாம் வகுப்பில் பயிலும் குழந்தைகளில், இரண்டாம் வகுப்பு நிலையிலான பாடத்தை வாசிக்கக்கூடியவர்கள் 44.8 சதவீதத்தினர் மட்டுமே என்கிறது 2024-ஆம் ஆண்டின் ‘அசர்’ ஆய்வறிக்கை. அதே அறிக்கையின்படி, 6 முதல் 14 வயது வரையிலான ஊரகக் குழந்தைகளில் 98 சதவீதத்தினர் பள்ளியில் சேர்க்கப்பட்டுள்ளனர். பள்ளியில் சேர்வது வேறு, கற்பது வேறு என்பதை வீடு வீடாகச் சென்று அளந்து நாட்டுக்குச் சொல்லிவருவது ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனம்.

வேதியியல் பேராசிரியராக இருந்த மாதவ் சவாணும், சமூகப் பணிக் கல்வியாளரான ஃபரீதா லாம்பேயும் மும்பையில் 1990-களின் நடுப்பகுதியில், யுனிசெஃப் ஆதரவுடன் இந்த அமைப்பை உருவாக்கினர். குடிசைப் பகுதிக் குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வி அளிப்பதே முதல் பணி. கட்டடம் எழுப்பப் பணமில்லை. கோயில், அலுவலகம், வீட்டுத் திண்ணை என இடம் கிடைத்த இடத்தில் அப்பகுதிப் பெண்களே வகுப்பு நடத்தினர். பிரதமின் பிற்கால வழிமுறைகள் பலவற்றுக்கும் இந்தச் சிக்கனமே அடிப்படை எனலாம்.

2004-ஆம் ஆண்டு மத்திய அரசு 2 சதவீதக் கல்வி வரியை விதித்தது. மக்கள் கூடுதலாகச் செலுத்தும் பணத்தால் குழந்தைகள் என்ன கற்றார்கள் என்ற கேள்விக்கு அப்போது எளிதில் விடை கிடைக்கவில்லை. எத்தனை வகுப்பறைகள், எத்தனை ஆசிரியர்கள் என்ற கணக்குகள் இருந்தன. கற்றலுக்கு ஆண்டுதோறும் கணக்கெடுப்பு இல்லை. அந்தக் கணக்கை எடுக்க 2005-இல் தொடங்கப்பட்டதே அசர் ஆய்வு. அசர் என்ற இந்திச் சொல்லுக்குத் தாக்கம், விளைவு என்று பொருள்.

ஆய்வின் முறை வியப்பளிக்கும் அளவுக்கு எளிது. ஒவ்வொரு மாவட்டத்திலும் 30 கிராமங்கள், கிராமத்துக்கு 20 வீடுகள் தேர்வாகின்றன. தன்னார்வலர்கள் வீட்டுக்கே சென்று 5 முதல் 16 வயது வரையிலான ஒவ்வொரு குழந்தையிடமும் தனித்தனியே ஒரு தாளைக் காட்டுகின்றனர். அதில் எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்பு நிலையில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு கதை என நான்கு பகுதிகள் உண்டு. குழந்தை முதலில் பத்தியை வாசிக்க வேண்டும். வாசித்தால் கதைக்கு முன்னேறும். திணறினால் சொற்களுக்கும் எழுத்துகளுக்கும் இறங்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தச் சோதனையை அருகில் நின்று காணும் பெற்றோருக்கு, எந்த மதிப்பெண் அட்டையும் சொல்லாத செய்தி கிடைத்துவிடுகிறது. 2024-இல் 605 மாவட்டங்களில் சுமார் 6.5 லட்சம் குழந்தைகள் இவ்வாறு சந்திக்கப்பட்டனர்.

ஆனால் குறையை அறிவது மட்டும் அதைத் தீர்த்துவிடாது. 2005-06-இல் உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் பொருளியலாளர்களுடன் இணைந்து பிரதம் நடத்திய சோதனை இதைத் தெளிவாக்கியது. கிராமக் கூட்டங்களில் குழந்தைகளின் நிலையை எடுத்துரைத்தும் பள்ளிகளில் மாற்றம் ஏற்படவில்லை. உள்ளூர் இளைஞர்கள் நடத்திய வாசிப்பு வகுப்புகளுக்கு வந்த குழந்தைகள் நன்கு முன்னேறினர். எனினும் அங்கிருந்த குழந்தைகளில் வகுப்புக்கு வந்தவர்கள் 8 சதவீதம் மட்டுமே. வெளியில் நடக்கும் வகுப்பு எவ்வளவு சிறந்ததாயினும் பள்ளிக்கு மாற்றாகாது என்பது அதன் பாடம்.

எனவே பள்ளிக்குள் நுழைய வேண்டியிருந்தது. அங்கேதான் உண்மையான சிக்கல். பீகாரில் 2008-இல் கோடை விடுமுறை முகாம்களில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இம்முறையில் கற்பித்தபோது குழந்தைகளின் வாசிப்பு உயர்ந்தது. பள்ளி நாட்களில், பயிற்சியும் நூல்களும் பெற்ற பின்னரும் ஆசிரியர்களால் அந்தப் பலனைக் காட்ட இயலவில்லை. ஆசிரியருக்குத் திறமை இல்லை என்பதல்ல காரணம். ஆண்டு முடிவதற்குள் பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் அவரைப் பாடநூலோடு கட்டிப்போடுகிறது. எழுத்தே தெரியாத குழந்தை கடைசி வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கிறது.

இதற்கு விடை ஹரியாணாவில் கிடைத்தது. 2012-13-இல் அங்குள்ள அரசுப் பள்ளிகளில் இதற்கென நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டது. அந்நேரத்தில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான குழந்தைகள், வகுப்பைப் பொருட்படுத்தாமல், வாசிக்கும் நிலைக்கேற்பக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். வட்டார அளவிலான அலுவலர்கள் பள்ளிக்கு வந்து மேற்பார்வையிட்டனர். இந்தி வாசிப்புத் திறன் உயர்ந்தது. புதிய ஆசிரியர்கள் நியமிக்கப்படவில்லை. மாறியது கால அட்டவணையும் குழந்தைகள் அமரும் முறையும்தான். இச்சோதனைகளை மதிப்பிட்டவர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோர் 2019-ஆம் ஆண்டு மைக்கேல் கிரெமருடன் இணைந்து பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

அசர் ஆய்வுக்கு வரம்புகளும் உண்டு. அது நகர்ப்புறங்களை அளப்பதில்லை. அடிப்படை வாசிப்பையும் எளிய கணக்கையும் தாண்டிய திறன்களைப் பெரும்பாலும் தொடுவதில்லை. மேலும், ஒரு தொண்டு நிறுவனம் முகாம் நடத்தலாம், தாள் அச்சிடலாம். பள்ளியின் கால அட்டவணையை மாற்றும் அதிகாரம் அரசிடம் மட்டுமே உள்ளது.

தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 2021 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய ‘நிபுண் பாரத்’ இயக்கம், மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறுவதை 2026-27-க்குள் எட்ட வேண்டிய இலக்காக வைத்துள்ளது. ஊரக அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிப்போர் 2022-இல் 16.3 சதவீதமாக இருந்தனர், 2024-இல் 23.4 சதவீதமாக உயர்ந்தனர். அசர் ஆய்வில் இதற்குமுன் காணாத வேகம் இது. ஆயினும் அவ்வகுப்பில் நான்கில் மூன்று குழந்தைகள் அந்தக் கதையை இன்னும் வாசித்து முடிக்கவில்லை.