பந்தை விடாத நாய்

ரஸ்டியின் கூண்டில் தொங்கிய அட்டையில் மூன்றே வரிகள்: அடங்குவதில்லை. சோபாவைக் கிழித்தது. எந்நேரமும் பந்து கேட்கிறது. கறுப்பு லாப்ரடார் கலப்பு. இரண்டு குடும்பங்கள் ஆசையாக அழைத்துப்போய், இரண்டுமே திருப்பிக் கொண்டுவந்து விட்டிருந்தன.

கலிபோர்னியாவில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் காப்பகத்தில், சனிக்கிழமைகளில் நாய்களை நடக்கக் கூட்டிப்போவது என் வேலை. ரஸ்டியைக் கூட்டிப்போனால் அன்று முழுக்கத் தோள்பட்டை வலிக்கும். பந்தைக் கையில் எடுத்தாலே அதன் உடம்பு நடுங்கும். முள்செடிக்குள் போட்டாலும் எடுக்காமல் வராது. பக்கத்திலேயே சோற்றுத் தட்டு இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. இடம் நிரம்பிவிட்ட காப்பகங்களில் இப்படிப்பட்ட நாய்களுக்கு என்ன ஆகும் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஒருநாள், பேரிடர் மீட்பு நாய்களைப் பழக்கும் பெண் ஒருவர் வந்தார். ரஸ்டியைப் பிடித்துக்கொண்டு, அதன் கண்ணெதிரே இடுப்பளவு புல்லுக்குள் பந்தை எறியச் சொன்னார். உடனே விடவில்லை. தட்டாமாலை சுற்றுவதுபோல் அதை நாலு சுற்று சுற்றவைத்து, பிறகுதான் விட்டார். பெரும்பாலான நாய்கள் கொஞ்ச நேரம் தேடிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். ரஸ்டி பார்க்கவே இல்லை. மூக்கைத் தூக்கிக் காற்றைப் பிடித்து, புல்லைக் கிழித்துக்கொண்டு தேடியது, பந்து கிடைக்கும்வரை. “இந்த வெறியை நான் சொல்லிக்கொடுக்க முடியாது. மற்றதெல்லாம் சொல்லிக்கொடுத்துவிடலாம்” என்றார் அந்தப் பெண்.

காப்பகத்து நாய்களிடம் இந்த வெறியைத் தேடலாம் என்ற எண்ணத்தை அமைப்பாக வளர்த்தவர் வில்மா மெல்வில். உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். 1995 ஏப்ரல் 19 அன்று ஓக்லஹோமா நகரில் அரசுக் கட்டடம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டு 168 பேர் இறந்தபோது, மர்ஃபி என்ற தன் லாப்ரடாருடன் அங்கே தேடப் போனார். அமெரிக்கா முழுவதிலும் இந்த வேலைக்குத் தேர்ந்த நாய்கள் எவ்வளவு குறைவு என்பதை அங்கேதான் கண்கூடாகப் பார்த்தார். மறு வருடமே தேசியப் பேரிடர் தேடுதல் நாய்கள் அறக்கட்டளையைத் தொடங்கினார். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி என்று 168 ஜோடிகளை உருவாக்குவது அவர் வைத்துக்கொண்ட இலக்கு. ஜோடி என்றால் ஒரு நாயும் ஒரு தீயணைப்பு வீரரும். தீயணைப்புத் துறைகளிடம் நாய்க்காகக் காசு வாங்குவதில்லை. தேறாத நாயையும் கைவிடுவதில்லை; அதன் ஆயுள் முழுக்க நல்ல வீட்டுக்குப் பொறுப்பு ஏற்கிறார்கள். எனக்கு இந்த ஒன்றுதான் மனதை நிறைத்தது.

வேலை எப்படி நடக்கிறது என்றால், நம் உடம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தோல் துகள்கள் ஓயாமல் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. இடிபாட்டுக்குள் சிக்கியவரிடமிருந்து உதிரும் துகள்களின் வாசனை, சந்து பொந்து வழியே காற்றோடு கசிந்து வெளியே வருகிறது. வாசனை வெளிவரும் இடத்துக்கு நேர் கீழேதான் ஆள் இருக்க வேண்டும் என்பதில்லை. அது எங்கே கனமாகிறது என்று நாய் தேடித் தேடிப் போக வேண்டும். மேலே நடமாடும் மீட்புப் படையினரை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாதவரை மட்டும் தேட வேண்டும். கண்டதும் அங்கேயே நின்று, இடைவிடாமல் குரைக்க வேண்டும். கம்பியில் மாட்டிக்கொள்ளும் என்பதால் கழுத்துப்பட்டையைக்கூடக் கழற்றிவிட்டுத்தான் அனுப்புவார்கள். இன்னொரு நாயும் வந்து அதே இடத்தில் குரைத்தால்தான் தோண்டத் தொடங்குவார்கள்.

2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது, இந்த அறக்கட்டளையின் நாய்கள் பன்னிரண்டு பேரை உயிரோடு மீட்க உதவின. 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டபோது கதை வேறு. நாள் கணக்கில் தேடியும் உயிருள்ள எவரும் கிடைக்காமல் நாய்கள் சோர்ந்துபோயின. அதனால் மீட்புப் படையினரே ஒளிந்துகொண்டு, நாய்கள் தங்களைக் கண்டுபிடிக்கும்படி செய்தார்கள். இதைப் படித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

ரஸ்டியை அந்தப் பெண் கூட்டிப்போய் எட்டு மாதம் கழித்து, பயிற்சிக்கு ஒளிந்துகொள்ள ஆள் வேண்டும் என்று என்னை அழைத்தார். உடைந்த கான்கிரீட் குவியலுக்குள் ஒரு குழாயில் என்னைப் படுக்கவைத்து, பலகையால் மூடினார்கள். கையில் ஒரு கயிற்றுப் பொம்மை. இருட்டு, சிமென்ட் தூசி, என் மூச்சுச் சத்தம். விளையாட்டுதான் என்று தெரிந்தும் பத்தே நிமிடத்தில் நெஞ்சு அடைத்தது.

மேலே எங்கோ நகம் கீறும் ஒலி. போய்விட்டது. திரும்பி வந்தது. பலகை இடுக்கில் ஈர மூக்கு ஒன்று ‘புஸ் புஸ்’ என்று காற்றை இழுத்தது. பிறகு குரைப்பு, நிறுத்தாமல், தலைக்கு நேர் மேலே.

பலகையை எடுத்ததும் கறுப்பு முகம். நான் யார் என்றெல்லாம் ரஸ்டி பார்க்கவில்லை. கயிற்றின் நுனியைக் கவ்வி, என் தோள்பட்டை வலிக்க வலிக்க இழுத்தது.