யார் நம் பிரதிநிதி? பெட்டி சொல்லட்டும்!



டிப்ளமோ முடித்த கையோடு நம்மில் பலர் ரயில்வே, திருச்சி பெல், மின்வாரியம் என்று பெரிய நிறுவனங்களுக்குள் காலடி வைக்கப் போகிறோம். சேர்ந்த புதிதில் நாலு சங்கத்துக்காரர்கள் நாலு படிவத்தோடு வந்து, "தம்பி, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்பார்கள். அந்தக் கையெழுத்தின் மதிப்பு என்ன என்று இப்போதே தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

சம்பளம், போனஸ், டிரான்ஸ்பர் எதுவானாலும் ஆயிரக்கணக்கான பேரோடு நிர்வாகம் தனித்தனியாகப் பேச முடியாது. சிலரோடுதான் பேசும். அந்தச் சிலர் யார்? 1926-ம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் சங்கத்தைப் பதிவு செய்ய வழி சொன்னது. எந்தச் சங்கத்தோடு பேசுவது என்று சொல்லவில்லை.

அதனால் சந்தாவை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். ஊழியர் எழுதிக் கொடுத்தால், அவர் சொல்லும் சங்கத்துக்குச் சம்பளத்திலேயே சந்தா பிடிப்பார்கள். இதற்கு 'செக்-ஆஃப்' என்று பெயர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் எந்தச் சங்கம் என்பது அதிகாரியின் மேஜைக்கே போய்விடுகிறதே! டிரான்ஸ்பருக்குப் பயந்தவருக்கு மனசு ஒரு பக்கம், கையெழுத்து ஒரு பக்கம்.

இதற்கு வழிகாட்டிய வழக்கு, நம் நெல்லோடு சம்பந்தப்பட்ட இந்திய உணவுக் கழகத்தின் வழக்கு. 1965-ல் கழகம் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. அதன் ஊழியர் சங்க வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் ரகசிய வாக்கெடுப்புக்கு விதிமுறைகளை வகுத்தது.

தேர்தலை நடத்துவது கழக நிர்வாகம் அல்ல. மத்திய தலைமைத் தொழிலாளர் ஆணையர் நியமிக்கும் தேர்தல் அதிகாரி. ஊழியர் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டி, ஆட்சேபணை கேட்டு, பிறகே வாக்காளர் பட்டியல் முடிவாகும். வாக்குச்சீட்டில் சங்கங்களின் சின்னம் இருக்கும். அதிக ஓட்டு வாங்கும் சங்கத்துக்கு 5 ஆண்டுகள் அங்கீகாரம்.

ரயில்வேயிலும் ரகசிய ஓட்டுதான். பதிவான ஓட்டில் 35 சதவீதம், அல்லது மொத்த வாக்காளர்களில் 30 சதவீதம் வாங்க வேண்டும். அங்கே 2007, 2013-க்குப் பிறகு 2024 டிசம்பரில்தான் அடுத்த தேர்தல். நடுவில் பதினோரு வருஷம்! பெட்டி நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது, உரிய காலத்தில் வரவும் வேண்டும்.

2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி, பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 சதவீத ஆதரவு பெற்ற சங்கமே தனித்துப் பேச முடியும். ஆகவே ஒவ்வொரு தலையையும் சரியாக எண்ணுவது இன்னும் முக்கியமாகிவிட்டது.

எந்தச் சங்கத்தில் சேர்வது என்பது உங்கள் இஷ்டம். தேர்தல் அறிவிப்பு வந்தால் மட்டும் முதல் வேலையாக நோட்டீஸ் போர்டுக்குப் போங்கள். பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா, பக்கத்து மேஜைக்காரர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆட்சேபணைக் கெடு முடிவதற்குள் எழுதிக் கொடுங்கள். தேர்தல் முடிந்த பிறகு கேன்டீனில் உட்கார்ந்து புலம்பிப் பிரயோஜனமில்லை!